கதிரவன் சமைத்த சோறு

புதிய கருவி ஒன்று ஊருக்குள் வருமாயின், அதனை மக்கள் ஏற்பதும் தள்ளுவதும் எதனால் என்பது பற்றிப் பலரும் பலவாறு கூறுவர். கல்வி போதாமையே காரணம் என்பர் ஒரு சாரார். பழமையில் உள்ள பற்று விடவில்லை என்பர் மற்றொரு சாரார். கதிரவன் வெப்பத்தால் வேகும் சோறு, சாணத்திலிருந்து பெறும் எரிவாயு, மின்கலத்தால் ஓடும் பேருந்து, கூரையில் விளையும் மின்சாரம் ஆகிய அனைத்தும் இக்காலத்தில் 'தூய ஆற்றல்' என்னும் ஒரு பெயரால் வழங்கப்படுகின்றன. இவற்றைப் பரப்புவதற்கென்று கூட்டப்படும் கூட்டங்களில், 'மக்கள் மனம் மாறவேண்டும்' என்னும் பேச்சே மிகுதியாகக் கேட்கிறது.

பிழைப்பின் பொருட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், இப்பேச்சை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. பழமையைப் போற்றுவதில் திருமலைக்கு ஈடான இடம் நாட்டில் மிகச் சில. அந்த மலையின்மீதே கதிரவனைக் கொண்டு சோறு சமைத்தார்கள். உண்டவர்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெரும்பாலோர்க்கு அது தெரியவும் தெரியாது. அங்கு நடந்தது என்ன, வேறிடங்களில் அது ஏன் நடக்கவில்லை என்று ஆராய்ந்தால், மனம் மாறுவதைப் பற்றிய பேச்சு எவ்வளவு பொருந்தும் என்பது விளங்கும்.

திருமலையில் அடியார்க்கு உணவளிக்கும் அன்னதானத் திட்டம், என். டி. ராமராவ் முதலமைச்சராக இருந்த 1985-ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேர் என்னும் அளவில் தொடங்கிற்று. பின்னர் அத்தொகை பன்மடங்கு பெருகியது. இத்தனை பேர்க்கு விறகடுப்பில் அண்டா வைத்துப் பொங்கி மாளாது. பெரிய கொதிகலத்தில் நீராவி உண்டாக்கி, அதனைக் குழாய் வழியே சமையற் கூடத்திற்குக் கொணர்ந்து, அரிசியையும் பருப்பையும் வேகவைப்பதே வழக்கம். கொதிகலத்திற்கு உணவு டீசல். அந்த டீசல் லாரியில் ஏறி, மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு மேலே வரவேண்டும்.

2002-ஆம் ஆண்டில் தேவஸ்தானத்தார் இந்தக் கொதிகலத்தோடு கதிரவனையும் இணைத்தார்கள். குழிந்த தட்டு வடிவான 106 கண்ணாடிப் பரப்புகள் அங்கு நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர். அதாவது நாம் வாடகைக்குக் குடியிருக்கும் வீடுகளில் ஓர் அறையின் அளவு. இவை நாளொன்றுக்கு நாலாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட நீராவியை, 180 பாகை வெப்பத்தில், சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோ அழுத்தத்தில் தரவல்லவை. பதினைந்தாயிரம் பேர்க்கு இருவேளை உணவு சமைக்க இது போதும் என்பது கணக்கு. ஆண்டிற்கு 1,18,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று மதிப்பிட்டார்கள். செலவு ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் ரூபாய். குஜராத் மாநிலத்து வல்சாடைச் சேர்ந்த காதியா சோலார் என்னும் நிறுவனம் இதனை அமைத்துக் கொடுத்தது. அக்காலத்தில் உலகிலேயே இவ்வகையில் மிகப் பெரியது இதுவே எனப்பட்டது.

இக்கருவியின் நுணுக்கத்தை அன்பர்கள் சிறிது பொறுமையுடன் கேட்கவேண்டும். நாம் சொல்ல வந்த செய்தி அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. குழிந்த கண்ணாடி ஒன்றைக் கதிரவனுக்கு நேரே பிடித்தால், அதன்மீது விழும் ஒளி முழுவதும் ஒரு புள்ளியில் வந்து குவியும். அப்புள்ளியில் பாத்திரத்தை வைத்தால் பண்டம் வேகும். ஆனால் கதிரவன் ஓரிடத்தில் நிற்பதில்லை. மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறான். ஆகவே கண்ணாடியும் திரும்பவேண்டும். கண்ணாடி திரும்பினால் குவியும் புள்ளியும் அதனுடன் நகரும். புள்ளி நகர்ந்தால் பாத்திரமும் நகரவேண்டும். பாத்திரத்தின் பின்னே சமைப்பவரும் வெயிலில் நகரவேண்டும். பாத்திரம் அசையாதபடி கண்ணாடி மட்டும் திரும்பும் வடிவம் ஒன்றை வுல்ஃப்காங் ஷெஃப்லர் என்னும் ஐரோப்பிய அறிஞர் கண்டுபிடித்தார். 1986-இல் ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில், அவருடைய முதற் கருவி வேலை செய்தது. தட்டைப் பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலச் செய்து, பருவத்திற்கேற்ப அதன் குழிவையும் சற்றே வளைத்துக் கொடுத்தால், ஒளி குவியும் இடம் ஆண்டு முழுவதும் ஒன்றாகவே இருக்கும். அவ்விடத்தை ஒரு சுவருக்கு உள்ளேகூட அமைத்துக்கொள்ளலாம். வெயில் வெளியே காயும். சமைப்பவர் உள்ளே நிற்பார்.

திருமலையில் அமைத்த தட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவை தாமாகவே கதிரவனைத் தொடர்ந்து திரும்பின. குவிந்த வெப்பத்தில் நீர் ஆவியாகிக் குழாயில் சென்றது. சமையற்காரர் முன்பு எந்தத் திருகைத் திறந்தாரோ அதே திருகைத்தான் திறந்தார். அதே நீராவி, அதே பாத்திரம், அதே பதம். வானம் மூடிக்கொண்ட நாளில் டீசல் கொதிகலம் பின்னே நின்று கைகொடுத்தது. சாம்பார் ஆறவில்லை, பந்தி நிற்கவில்லை. இவ்வளவும் பெரிது, ஆயினும் நமக்கு இதனினும் பெரிதாகத் தோன்றுவது, மேலே சொன்ன ஒரு கோடியே பத்து லட்சத்திற்குள், துணைக் கொதிகலம், பாத்திரங்கள் ஆகியவற்றோடு ஐந்தாண்டுக் காலப் பராமரிப்பு ஒப்பந்தமும் அடங்கியிருந்தது என்பதே. கண்ணாடியைத் துடைப்பவர் யார், திருகு கழன்றால் முடுக்குபவர் யார் என்பதற்கு முதல் நாளிலேயே விடை எழுதிக் கையொப்பமிட்டு விட்டார்கள். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு அந்த ஒரு வரியின் அருமை நன்கு தெரியும்.

அன்னதானக் கூடம் பொதுவிடம். கோயில் மடைப்பள்ளியின் நியமம் வேறு என்று சிலர் கூறக்கூடும். லட்டு பிடிக்கும் மடைப்பள்ளியைப் 'போட்டு' என்பார்கள். அங்கு அக்காலத்தில் பரம்பரை உரிமையும் ஆசாரமும் மிக இறுக்கமாக இருந்தன. எவ்வளவு கடலை மாவுக்கு எவ்வளவு நெய், எவ்வளவு சர்க்கரை என்பதற்குக்கூட வரையறை செய்த 'திட்டம்' ஒன்று உண்டு. அப்படிப்பட்ட இடத்திலும் 1984-ஆம் ஆண்டில் விறகு போய்ச் சமையல் எரிவாயு வந்துவிட்டது. அளவு மாறவில்லை, செய்யும் கை மாறவில்லை, அடியில் எரியும் தீ மட்டும் மாறிற்று. புகையில் கண் எரிந்து நின்றவர்கள் அதனை மறுக்கவா போகிறார்கள்?

இதற்கு நேர்மாறான கதையொன்றும் நம் நாட்டில் உண்டு. கதிரவனைக் கொண்டு சமைக்கும் எண்ணம் நம் நாட்டிற்குப் புதியதன்று. பம்பாயில் டெபுடி ரிஜிஸ்திராராக உத்தியோகம் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1878-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். கண்ணாடிகளைப் பொருத்திய அடுப்பில், ஜனவரி மாதத்து மெல்லிய வெயிலில், ஏழு சிப்பாய்களின் உணவை இரண்டு மணி நேரத்தில் சமைத்துக் காட்டினார். அவரும் நம்மைப்போல் ஆபீஸில் காகிதம் புரட்டியவர் என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அவருடைய அடுப்பு பரவவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், டில்லியில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டது. அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த நம் தமிழர், சர் கே. எஸ். கிருஷ்ணன். சர் சி. வி. ராமனுடன் 1928-இல் ஒளியாராய்ச்சி செய்த அதே கிருஷ்ணன். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் 1950-களின் தொடக்கத்தில் குடும்பத்திற்கேற்ற சூரிய அடுப்பு ஒன்று உருவாயிற்று. பளபளப்பான குழிந்த அலுமினியத் தகடு, அதனைத் தாங்கும் கால், நடுவில் பாத்திரம் தொங்கும் கொக்கி, அவ்வளவே. சோறு வேகும், பருப்பு வேகும். விறகு வேண்டா, கரி வேண்டா. பத்திரிகைகள் புகழ்ந்தன. உலக நாடுகள் வியந்தன. ஆனால் வாங்குவோர்தாம் இல்லை.

அதனை வாங்காத இல்லத்தரசிகளை அறியாதவர் என்று சொல்லுதல் எளிது. நம் வீட்டு அடுக்களையின் கடிகாரத்தைப் பார்த்தவர் அவ்வாறு சொல்லார். காலை ஏழு மணிக்குள் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டி கட்டியாகவேண்டும். ஆறு மணி ரயிலுக்குச் செல்பவர் இருந்தால் ஐந்துக்கே அடுப்பு மூளும். இராச் சாப்பாடோ பொழுது சாய்ந்தபின்தான். கதிரவன் உச்சியில் காயும் நேரத்தில் சமைப்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? சித்திரை, வைகாசி மாதத்து ரேணிகுண்டா வெயிலில், கால் மணிக்கொருமுறை தகட்டைத் திருப்பிக்கொண்டு முற்றத்தில் நிற்பது யார்? நிற்பதற்கு முற்றந்தான் எத்தனை பேர்க்கு உண்டு? வேகும் பண்டம் தெருவார் பார்வையில் படலாகாது என்பது வேறு நம் வழக்கம்.

இத்தனைக்கும், அதே பெண்கள்தாம் மாசி பிறந்ததும் மொட்டைமாடியில் பழஞ்சேலையை விரித்து, வடாமும் வற்றலும் மோர்மிளகாயும் காயப் போடுகிறார்கள். காக்கைக்குக் கறுப்புக் குடையையும், அணிலுக்கு ஒரு சிறுவனையும் காவல் வைக்கிறார்கள். கதிரவனிடத்தில் அவர்களுக்கு அவநம்பிக்கை ஏதும் இல்லை. தம் நாளின் ஒழுங்குக்குப் பொருந்திய வேலையை அவனிடம் ஒப்படைத்தார்கள்; பொருந்தாத வேலையை ஒப்படைக்கவில்லை. ஆராய்ச்சிக் கூடத்து அறிஞர் கதிரவனை நன்கு அறிந்திருந்தார். அடுக்களைக்குள் நுழைந்து பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

புகையில்லா அடுப்பின் கதை இதனினும் வருந்தத்தக்கது. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியல் அறிஞர், புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பொன்றை வகுத்து, 1953-இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். நல்ல கருவி; செலவு குறைவு. 1983-ஆம் ஆண்டில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஏறக்குறைய மூன்றரைக் கோடி அடுப்புகளை நாடெங்கும் வழங்கியது. அடுப்பு வந்தது, அரசு மானியமும் வந்தது. புகைபோக்கியில் கரி அடைத்தால் எடுப்பது எப்படி, சட்டம் விரிந்தால் பூசுவது யார் என்பதற்கு மட்டும் ஆள் வரவில்லை. சட்டியின் அளவுக்கு அடுப்பின் வாய் பொருந்தாத வீடுகளில், பெண்கள் வாயை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள். புகை பழையபடி முகத்தில் வந்தது. இத்திட்டம் 2002-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. திருமலையில் 106 தட்டுகள் ஏறியதும் அதே ஆண்டுதான்.

சாண எரிவாயுவைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. பால் மாடு மிகுந்த சித்தூர்ச் சீமைக்கு அது மிகவும் ஏற்றது. நான்கைந்து மாடும், தொட்டி கட்ட நிலமும், நாள்தோறும் கரைக்கத் தண்ணீரும் உள்ள குடியானவர்க்கு அது வரம். ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் நமக்கு மாடும் இல்லை, தொட்டிக்கு இடமும் இல்லை.

நம்மவர்க்கு உண்மையில் விறகை ஒழித்தது சிலிண்டர். எரிவாயுவும் நிலத்தடி எண்ணெய் வழி வந்ததே. முழுத் தூய்மை என்று அதனைச் சொல்லலாகாது. ஆயினும் அடுக்களையில் புகை இல்லை. சிலிண்டரை வேண்டா என்று எந்தத் தமிழ்க் குடும்பமும் மறுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இருந்தும் செங்கற் சூளையிலும், கட்டட வேலையிலும், கடைகளிலும் கூலிக்கு வந்த நம்மவர் பலர், நெடுங்காலம் சுள்ளி பொறுக்கியே சமைத்து வந்தார்கள். ஏன்? குடும்ப அட்டை திருவண்ணாமலையிலோ வேலூரிலோ இருக்கும். வாடகைச் சீட்டு வீட்டுக்காரர் தரமாட்டார். முகவரிக்குச் சான்று இல்லையேல் இணைப்பு இல்லை. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016 மே மாதத்தில் தொடங்கியபோதும் இந்தத் தடை நீங்கவில்லை. 2021 ஆகஸ்டில் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியபொழுதுதான், வேற்றூரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் குடும்ப அட்டைக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகத் தாமே எழுதித்தரும் உறுதிமொழியே போதும் என்று விதி செய்தார்கள். ஒரு காகிதத்தின் விதி மாறியது. வரிசையில் நின்ற பெண்களின் மனம் முன்பே ஆயத்தமாக இருந்தது. இரண்டாவது சிலிண்டரை வாங்கக் கூலி போதுமா என்பது வேறு கேள்வி. போதாத மாதத்தில் சுள்ளி மீண்டும் வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அண்மையில் நம் ஊர் கண்ட மற்றொரு மாற்றம், மலையேறும் மின்சாரப் பேருந்து. 2022 செப்டம்பரில் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையே ஓடத் தொடங்கின. மின்கலத்தால் ஓடும் வண்டி ஏழுமலை ஏறுமா, நடுவழியில் நின்றுவிடின் என் செய்வது என்று டீக்கடையில் பேசியவர்கள் உண்டு. வண்டி ஏறிற்று. டீசல் நாற்றம் இன்மையால், வளைவுகளில் தலை சுற்றுவோர்க்கும் சற்று ஆறுதல். இறங்கும்பொழுது நடப்பது இன்னும் நயமானது. வண்டியின் வேகத்தைத் தடுக்கும் அதே மோட்டார் அப்பொழுது மின்சாரம் உண்டாக்கி, அதன் ஒரு பகுதியை மின்கலத்திற்கே திருப்பிக் கொடுக்கிறது. மலையேறச் செலவிட்டதில் ஒரு பங்கு இறங்கும்போது கைக்கு வருகிறது.

ரயில்வேக்காரர்க்கு இது புதுமையன்று. பம்பாய்க்கும் புனேக்கும் இடையேயுள்ள மலைத்தொடரில், ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்திற்கு முன்பே மின்சார எஞ்சின்கள் இவ்வித்தையைச் செய்தன. காட்பாடியிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதி வந்த குறுகிய பாதை வண்டியில், ஜன்னலோரம் அமர்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்து கசக்கிக்கொண்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உளர். அப்பாதை அகலமாயிற்று, கரி எஞ்சின் போய் டீசல் வந்தது, டீசல் போய் மின்சாரம் வந்தது. இன்று நாட்டின் அகல ரயில் பாதைகளில் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. இதற்காகப் பிரயாணிகளின் மனத்தை மாற்ற எவரும் கூட்டம் போடவில்லை. டிக்கெட் அதே டிக்கெட். வண்டி அதே நேரம். சில சமயம் அதே தாமதம். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு எங்கோ ஓர் அனல் நிலையத்தில் நிலக்கரியை எரித்தே வருகிறது என்பதையும் உடன் சொல்லிவிடவேண்டும். கண்ணில் விழுந்த கரி வேறிடத்தில் விழுகிறது.

இவ்வகையில் இன்னொன்று. மின்வெட்டு மிகுந்திருந்த 2012-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், வீடுதோறும் 'இன்வெர்ட்டர்' வந்ததே, அதற்கு எவரேனும் பிரசாரம் செய்தார்களா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு விளக்கு வேண்டும். ஆகவே கடன் வாங்கியும் வாங்கினார்கள். அந்த மின்கலங்களைச் செய்யும் அமரராஜா தொழிற்சாலை நம் திருப்பதியை அடுத்த காரகம்பாடியில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே சோறு. அங்கு ஈயத்தால் மாசு உண்டாகிறது எனக் கூறி 2021-இல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலையை மூட ஆணையிட்டதும், நிறுவனம் நீதிமன்றம் சென்று அந்த ஆணைக்குத் தடை பெற்றதும் செய்தித்தாள் படித்தோர் அறிவர். வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்று கூற நாம் வரவில்லை. தூய ஆற்றலுக்கு வேண்டிய பண்டமும் ஓரிடத்தில் செய்யப்படுகிறது. அவ்விடத்தில் வாழ்வோர் தம் கிணற்றையும் பிள்ளைகளின் இரத்தத்தையும் பற்றிக் கேள்வி கேட்பார்களாயின், அதனைப் பழமைவாதம் என்று தள்ள இயலாது.

இனி நம் தலைக்குமேல் உள்ள கூரைக்கு வருவோம். நம் குடும்பங்களைப் பொறுத்தவரை இப்பொழுது வழக்கே இதில்தான்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு, ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு அமைப்பதற்கான திட்டத்தை அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய், இரண்டுக்கு அறுபதாயிரம், மூன்றும் அதற்கு மேலும் ஆயின் எழுபத்தெட்டாயிரம் என மானியம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி நிழலற்ற கூரை வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அது நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். வீட்டுச் செலவு போக மிஞ்சியது கம்பி வழியே ஊருக்குப் போகும். அதற்கு மீட்டரில் வரவு வைப்பார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் குப்பத்தில், 2025 ஜனவரியில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, நடிமூர் என்னும் சிற்றூரில் இதற்கான முன்னோடித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நன்று. சொந்தக் கூரையுள்ள எவரும் இதனை ஆராய்ந்து பார்த்தல் தகும்.

ஆனால் விதியில் உள்ள ஒரு நிபந்தனையை நம்மவர் கவனிக்கவேண்டும். விண்ணப்பிக்கும் குடும்பத்திற்குத் தகடு பொருத்தத்தக்க கூரையுடன் கூடிய சொந்த வீடு இருக்கவேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களில் சொந்த வீடுள்ளவர் எத்தனை பேர்? ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்போர்க்குக் கூரை இலாகாவினுடையது. ஆசிரியர், வங்கி ஊழியர், கடைச் சிப்பந்தி, கூலித் தொழிலாளர் ஆகியோர் வாடகைக் குடிகள். மொட்டைமாடியில் வடாம் காயப் போடுவதற்கே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டிய நிலை.

வீட்டுக்காரரின் பக்கமும் பார்ப்போம். மின்கட்டணம் செலுத்துவது குடியிருப்பவர். தகட்டுக்கு முதல் போடுவது வீட்டுக்காரர் என்றால், இலாபம் குடியிருப்பவருக்குப் போகிறது. அவர் ஏன் போடவேண்டும்? குடியிருப்பவரே முதல் போடுவதென்றால், தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். அவரோ மூன்றாம் ஆண்டில் மாற்றலாகிக் குண்டக்கல்லுக்கோ விஜயவாடாவுக்கோ போய்விடுவார். கழற்றிக்கொண்டு போகவும் இயலாது. விட்டுப்போகவும் மனம் வராது. இரு தரத்தாரும் அறிவுடையவர். இரு தரத்தார்க்கும் வெயில் பிடிக்கும். கூரை மட்டும் வெறுமனே கிடக்கிறது. இதனைக் கண்டு புள்ளிவிவரம் எழுதுவோர், 'இப்பகுதி மக்களிடையே ஆர்வம் குறைவு' என்று எழுதிச் செல்வார்கள்.

இதற்கு வழியே இல்லை என்பதில்லை. டில்லியில் 2019-ஆம் ஆண்டிலேயே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு முறை வகுத்தது. தகடு ஓரிடத்தில் இருக்கும்; அதில் பங்குள்ள பலர் வெவ்வேறிடத்தில் இருப்பார்கள்; விளைந்த மின்சாரத்தை அவரவர் பங்கின்படி அவரவர் மீட்டரில் வரவு வைப்பார்கள். இம்முறையில் கூரை இல்லாதவரும் கதிரவனில் பங்கு பெறலாம். சங்கக் கட்டடம், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று பெரிய கூரைக்கா நம் ஊரில் பஞ்சம்? திருமலையில் பதினைந்தாயிரம் பேர் தத்தம் வீட்டில் ஆளுக்கொரு கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை; ஒரு கூரையில் வைத்தார்கள், பந்தியில் எல்லாரும் உண்டார்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்தே வைத்தார்கள்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் மின்சாரம் வழங்கும் தென் ஆந்திர மின் விநியோகக் கழகத்தின் தலைமை அலுவலகம் திருப்பதியிலேயே இருக்கிறது. நமக்குக் கூப்பிடு தூரம். வாடகைக் குடிகள் பலர் கூடிப் பொதுக் கூரையொன்றில் பங்கு எடுப்பதானால், வரவு எவருடைய இணைப்பில் எழுதப்படும், குடிபெயரும்பொழுது அப்பங்கைப் புதிய முகவரிக்கு மாற்றித் தருவார்களா, மானியம் கிடைக்குமா என்னும் மூன்று கேள்விகளை எழுத்து மூலமாக அங்குக் கொடுத்து, எழுத்து மூலமாகவே விடை பெறுதல் நலம். எரிவாயுவுக்கு ஒரு காகிதத்தில் செய்ததை மின்சாரத்திற்கும் செய்ய இயலாதென்று நாம் கருதவில்லை.

இதற்கிடையே, நம் அன்பர்களில் எவரேனும் வாடகை வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்காரருடன் உடன்படிக்கை செய்து தகடு பொருத்தியிருப்பின், முதல் எவருடையது, மாதந்தோறும் கழிவு எவ்வாறு, வீடு மாறியபோது கணக்கு எப்படித் தீர்ந்தது என்னும் விவரங்களை நம் இதழுக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம். பெயர் வெளியிட விருப்பமில்லாதோர் அதனையும் குறித்தனுப்பலாம். தக்க விவரங்கள் வந்து சேர்ந்தால், உடன்படிக்கையின் மாதிரி ஒன்றை அடுத்த இதழிலோ அதற்கடுத்த இதழிலோ வெளியிடுவோம்.